வருத்தத்தோடு வெளிநாடு போகும் வாழ்க்கைத்துணை: வீசாவும் காப்புறுதியும் என்ன கேட்கின்றன?

நிந்தவூரில் காப்புறுதி என்றால் மோட்டார் சைக்கிளுக்கு எடுப்பது, அல்லது முகவர் வீட்டுக்கு வந்து விற்கும் ஆயுள் காப்புறுதி. வருத்தத்துக்கு எடுக்கும் காப்புறுதி இங்கே பெரும்பாலானவர்களின் அன்றாடத் தேவையாக இருந்ததில்லை. சீனி வருத்தமோ பிரஷரோ ஆஸ்துமாவோ உள்ளவர் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஊர் வைத்தியசாலைக்குப் போவார். கொஞ்சம் பெரிய விடயம் என்றால் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. அதற்கும் மேல் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. மருந்துத் தட்டுப்பாடு வந்தால் வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். ஆனால், "இந்த வருத்தம் உங்களுக்கு முன்பே இருந்தது, ஆகவே சிகிச்சை இல்லை" என்று அரச வைத்தியசாலையில் யாரும் சொல்வதில்லை.

இப்படி வளர்ந்த ஒருவர் திருமணம் முடித்து லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ துபாய்க்கோ போகத் தயாராகும்போதுதான் "முன்பே இருந்த நோய்" என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கிறார். உடனே குடும்பத்தில் ஒரு பயம் எழுகிறது. சொன்னால் வீசா கிடைக்காமல் போகுமா? அங்கே போனதும் காப்புறுதி மறுப்பார்களா? மருந்துச் செலவு மாப்பிள்ளையின் தலையில் விழுமா? இந்தப் பயத்தினாலேயே பலர் வருத்தத்தை மறைக்கிறார்கள். சிலர் பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே மறைக்கிறார்கள்.

விதிகளை எடுத்துப் பார்த்தால் நிலைமை வேறு. வாழ்க்கைத்துணையாகப் போகும் ஒருவரை அவரது நோயைக் காரணம் காட்டி அரச மருத்துவத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தும் நாடுகள் குறைவு. ஆபத்து பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, உண்மையை மறைப்பது. மற்றது, விமானம் இறங்கிய நாளுக்கும் காப்புறுதி தொடங்கும் நாளுக்கும் இடையிலுள்ள வெறும் நாட்கள்.

மூன்று வெவ்வேறு கேள்விகள்

நம்மவர்கள் இதை ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. உண்மையில் இவை மூன்று கேள்விகள்.

முதலாவது, வீசா. இந்த நோய் உள்ளவரை நாட்டுக்குள் விடுவார்களா என்பது குடிவரவுச் சட்டத்தின் விடயம். இரண்டாவது, அந்த நாட்டின் அரச மருத்துவத் திட்டம் அல்லது கட்டாயக் காப்புறுதி. மூன்றாவது, தனியார் காப்புறுதி. அநேகமான தனியார் கம்பனிகள் நோய் வரலாற்றைக் கேட்கும். முன்பே இருந்த நோயை விலக்கும், அல்லது காத்திருப்புக் காலம் வைக்கும், அல்லது கட்டணத்தைக் கூட்டும்.

ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்றதற்குப் பொருந்தாது. "மாமாவின் மகனுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், அது எந்த நாடு, எந்த வீசா, அரச திட்டமா தனியார் கம்பனியா என்று கேட்டுத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கனடா: துணைக்கு விதிவிலக்கு உண்டு

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 38ஆம் பிரிவின்படி, மருத்துவச் சேவைக்கு மிகையான சுமை ஏற்படுத்தக்கூடிய ஒருவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். ஊரில் பேசப்படும் பயத்துக்கு இந்த வாசகம்தான் காரணம். ஆனால் அதே பிரிவின் அடுத்த பகுதி, ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன் அல்லது மனைவியையும் தங்கிவாழும் பிள்ளைகளையும் இந்த விதியிலிருந்து விலக்குகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் மனைவியைக்கூட செலவைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும்போது இந்த விதிவிலக்கு இல்லை. ஊரில் உலாவும் மறுப்புக் கதைகளைக் கேட்கும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை எல்லோருக்கும் உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான நிலை, உதாரணமாகத் தொற்றும் நிலையிலுள்ள காசநோய், இருந்தால் அதற்குச் சிகிச்சை முடிக்கும்வரை வீசா தாமதிக்கும்.

ஸ்பொன்சர் செய்பவர் துணைக்காக 3 வருடப் பொறுப்பேற்புக் கையொப்பம் இடுகிறார். "பெண்சாதி ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் எனக்கு வரும்" என்று சிலர் இதை விளங்கிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. மாகாண அரசின் மருத்துவத் திட்டம் பொறுப்பேற்கும் சிகிச்சைக்கு ஸ்பொன்சரிடம் காசு கேட்கமாட்டார்கள். பல், கண் போன்று அந்தத் திட்டத்துக்குள் வராத மருத்துவத் தேவைகள்தான் அவரது பொறுப்பு.

நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோவில் அரச திட்டத்தின் பெயர் ஓஹிப். முன்பு அதில் சேர 3 மாதம் காத்திருக்க வேண்டும். 2020 மார்ச் மாதம், கொரோனா காலத்தில், அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் போய்ச் சேர்ந்த மாதத்தின் மிகுதி நாட்களும் அடுத்த 2 மாதங்களும் காத்திருக்க வேண்டும். கியூபெக்கிலும் 3 மாதம் வரையான காத்திருப்பு உண்டு.

ஓஹிப் வைத்தியரையும் வைத்தியசாலையையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் 25 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட பெரும்பாலானவர்களுக்கு மருந்துக்கடையில் வாங்கும் மருந்துக்குக் காசு கொடுக்காது. இன்சுலின் போடும் ஒருவருக்கு இது பெரிய விடயம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வருமானத்தோடு ஒப்பிடும்போது மருந்துச் செலவு கூடிய குடும்பங்களுக்கான ட்ரில்லியம் மருந்துத் திட்டம். மற்றது, கணவன் அல்லது மனைவியின் வேலைத்தலக் குழுக் காப்புறுதி. குழுக் காப்புறுதிகள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும். துணை தகுதி பெற்ற நாளிலிருந்து குறித்த நாட்களுக்குள், பெரும்பாலும் 31 நாட்களுக்குள், பெயரைச் சேர்த்தால் நோயைப் பற்றிய கேள்வி கிடையாது. அந்தத் தவணை தவறினால் மருத்துவ விபரம் கேட்பார்கள், மறுக்கவும் முடியும். ஆகவே துணை வந்து இறங்கும் முன்னரே வேலைத்தலத்தில் இந்தத் தவணையைக் கேட்டு வைப்பது நல்லது.

பிரித்தானியா: முன்கூட்டியே கட்டும் பணம்

பிரித்தானியாவில் துணை வீசாவுக்குக் காப்புறுதி எடுக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக குடிவரவுச் சுகாதார மேலதிகக் கட்டணம் ஒன்றை விண்ணப்பத்தோடு கட்ட வேண்டும். 2015 ஏப்ரலில் இது தொடங்கியபோது வருடத்துக்கு 200 பவுண். 2024 பெப்ரவரி 6ஆம் திகதி முதல் 1,035 பவுண். இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கும் துணைக்கு 2 வருடம் 9 மாத வீசா கிடைக்கும். இந்தக் கட்டணத்துக்கு அது 3 வருடமாகக் கணக்கிடப்படுவதால் மொத்தம் 3,105 பவுண் வரும். வீசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

தொகை பெரியதுதான். ஆனால் இதைக் கட்டிய ஒருவர், வீசா தொடங்கிய நாளிலிருந்து என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவையை அங்கே வாழும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம். முன்பே இருந்த நோய் என்ற விலக்கு கிடையாது. சீனி வருத்தம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். வீசாவுக்கான மருத்துவப் பரிசோதனை இலங்கையர்களுக்குக் காசநோய்ச் சோதனை மட்டுமே.

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் உண்டு. 2024 மே மாதம் அது 9.90 பவுணாக ஆக்கப்பட்டது. ஆனால் மருந்து எடுக்கும் நீரிழிவு நோயாளர், தைரொயிட் குறைபாட்டுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர், வலிப்பு நோயாளர், புற்றுநோயாளர் ஆகியோர் விலக்குச் சான்றிதழ் எடுத்தால் எல்லா மருந்தும் இலவசம். குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யும்போதே இதைக் கேட்க வேண்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை.

விசிட் வீசாவில் போகிறவருக்கு இவை எதுவும் பொருந்தாது. அவருக்கு வைத்தியசாலைச் சிகிச்சைக்கான கட்டணம் வழமையான விலையின் 150 சதவீதம். 500 பவுணோ அதற்கு மேலோ கட்டாமல் விட்டால் அடுத்த வீசா மறுக்கப்படலாம்.

அவுஸ்திரேலியா: கணக்குப் பார்க்கும், ஆனால் மன்னிப்புக் கேட்கலாம்

அவுஸ்திரேலியா துணையின் நோய்க்கான செலவையும் கணக்குப் பார்க்கிறது. எதிர்பார்க்கப்படும் செலவு ஓர் எல்லையைத் தாண்டினால் சுகாதார நிபந்தனையில் தவறியதாகக் கொள்ளப்படும். 2024 ஜூலை முதல் அந்த எல்லை 86,000 அவுஸ்திரேலிய டொலர். வழமையான சீனி வருத்தமோ ஆஸ்துமாவோ இந்த எல்லையை எட்டுவது அரிது. டயாலிசிஸ் போன்றவை எட்டும்.

ஆனால் துணை வீசாவில் விதிவிலக்குக் கோர இடமுண்டு. தம்பதியின் சூழ்நிலை, பிள்ளைகள், செலவைத் தாங்கும் வழி ஆகியவற்றை எழுத்தில் முன்வைக்கலாம். இந்தக் கட்டத்தில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரின் உதவி தேவை. ஊர்த் தரகரால் இதைச் செய்ய முடியாது.

வீசா கிடைத்துப் போன பின்னர் மெடிகெயார் என்ற அரச திட்டம் நோய் வரலாற்றைப் பார்க்காது. தனியார் வைத்தியசாலைக் காப்புறுதி எடுத்தால் முன்பே இருந்த நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். அதற்கு மேல் முடியாது.

ஐரோப்பா: தவணைதான் முக்கியம்

சுவிட்சர்லாந்தில் 1996 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி எல்லோருக்கும் அடிப்படைக் காப்புறுதி கட்டாயம். எந்த நோய் இருந்தாலும் கம்பனி மறுக்க முடியாது, நோய்க்காகக் கட்டணத்தைக் கூட்டவும் முடியாது. குடியேறி 3 மாதத்துக்குள் சேர்ந்தால் வந்த நாளிலிருந்தே காப்புறுதி கணக்காகும். 3 மாதம் தாண்டினால் சேர்ந்த நாளிலிருந்துதான். இடையில் வந்த சிகிச்சைச் செலவு உங்களுடையது, மேலதிகத் தண்டமும் சேரலாம். வளர்ந்த ஒருவர் வருடத்துக்கு முதலில் தானே கட்ட வேண்டிய தொகையை 300 பிராங்கிலிருந்து 2,500 பிராங் வரை தெரிவு செய்யலாம். அந்தத் தொகை கூடும்போது மாதக் கட்டணம் குறையும். தொடர்ந்து மருந்து எடுக்கும் ஒருவர் மாதக் கட்டணத்தைப் பார்த்து 2,500ஐத் தெரிவு செய்தால் நட்டம் அவருக்கே.

ஜேர்மனியில் கணவன் சட்டரீதியான பொதுக் காப்புறுதியில் இருந்தால், வருமானம் இல்லாத அல்லது மிகக் குறைந்த வருமானமுள்ள மனைவி குடும்பக் காப்புறுதியில் மேலதிகக் கட்டணம் இல்லாமலே சேர்வார். நோய் வரலாறு கேட்கப்படாது. ஆனால் கணவன் தனியார் காப்புறுதியில் இருந்தால் இந்த வழி இல்லை. புறப்படும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பிரான்சில் நீரிழிவு, புற்றுநோய், கடுமையான சிறுநீரக நோய் போன்ற 30 வகை நீண்டகால நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. குடும்ப வைத்தியர் ஊடாக அதில் பதிவு செய்தால், அந்த நோய் தொடர்பான சிகிச்சைக்கு அரச கட்டண அளவின் 100 சதவீதத்தையும் சமூகக் காப்புறுதி ஏற்கும்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 2014 ஜனவரி முதல் முன்பே இருந்த நோயைக் காட்டிக் காப்புறுதிக் கம்பனிகள் மறுக்கவோ கட்டணம் கூட்டவோ முடியாது. ஆனால் வீசா அதிகாரி விண்ணப்பதாரி அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும்போது வயது, வருமானம் ஆகியவற்றோடு உடல்நிலையையும் பார்க்கச் சட்டம் இடமளிக்கிறது. அங்கே காப்புறுதியைவிட வீசாவுக்குத்தான் கூடிய ஆயத்தம் தேவை.

வளைகுடா: கேள்விப் படிவத்தில் கவனம்

நமது கரையோரத்தவர்கள் அதிகம் போகும் வளைகுடாவில் சாதாரணத் தொழிலாளிக்குக் குடும்பத்தைக் கூப்பிடும் வசதி கிடைப்பது கஷ்டம். கூப்பிடக்கூடியவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு.

துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குடும்பத்தை ஸ்பொன்சர் செய்பவர் அவர்களுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். குறைந்த கட்டண அடிப்படைத் திட்டத்தில் முன்பே இருந்த நாட்பட்ட நோய்களுக்கு முதல் 6 மாதம் காத்திருப்பு உண்டு. கத்தாருக்கு விசிட் வீசாவில் போகிறவர்களுக்கு 2023 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் மாதத்துக்கு 50 ரியால் கட்டாயக் காப்புறுதி இருக்கிறது. அது அவசர சிகிச்சைக்கும் விபத்துக்கும் மட்டுமே. மாதாந்தக் கிளினிக்குக்கு அது உதவாது.

வளைகுடாக் காப்புறுதிப் படிவங்களில் நோய் வரலாற்றுக் கேள்விகள் இருக்கும். "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள்" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். பிறகு வைத்தியசாலைப் பதிவில் பழைய நோய் தெரிந்தால் கம்பனி பணம் தர மறுக்கும். அந்த முகவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

போர்க் காயம் உள்ளவர்களுக்கு

இந்தக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் உடம்பில் செல் துண்டோடும் சன்னத்தோடும் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கால் இழந்தவர்கள், நித்திரை வராமல் மாத்திரையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். இவையும் காப்புறுதியின் பார்வையில் முன்பே இருந்த நிலைதான். மேலே சொன்ன அரச திட்டங்களின் அதே விதி இவர்களுக்கும் பொருந்தும். மனநலச் சிகிச்சை எடுத்ததும் இதில் அடங்கும்.

காயத்தைப் பற்றிப் பேசினால் வேறு கேள்விகள் வரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் காரணமில்லாததல்ல. ஆனால் காசநோய்ச் சோதனைக்கு எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு இருந்தால் அது தெரியத்தான் செய்யும். எந்த வருடம், எங்கே, எப்படிக் காயப்பட்டது, எந்த வைத்தியசாலையில் சிகிச்சை என்பதை உள்ளபடி சொல்வதும், பழைய டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் காட்டுவதும்தான் பாதுகாப்பு. இன்னொரு காரணமும் உண்டு. உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஆபத்தாகலாம். கண், முள்ளந்தண்டு ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் ஆபத்து மிக அதிகம். புதிய நாட்டு வைத்தியருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

மறைத்தால் என்ன நடக்கும்

கனடாவில் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 வருடத் தடை. பிரித்தானியாவில் ஏமாற்று என்று கண்டால் 10 வருடம் வரை மறுக்கலாம். கனடாவைப் போல நோயைக் காரணம் காட்டித் துணையை மறுக்க முடியாத ஒரு நாட்டில், அந்த நோயை மறைத்ததற்காக மறுப்பு வாங்குவதுதான் இதில் பெரிய கொடுமை.

வீட்டுக்குள் மறைப்பது இதைவிட ஆபத்தானது. மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று இன்சுலினை நிறுத்தும் பெண் ஒருசில நாட்களிலேயே உயிராபத்தை எட்டலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரலாம். வீசா மருத்துவப் பரிசோதனையில் விடயம் வெளியே வரவும் கூடும். ஆகவே நிக்காஹ்வுக்கு அல்லது எழுத்துக்கு முன்னரே இரு வீட்டாரும் பேசிவிடுவது நல்லது. "இந்த வருத்தம் உண்டு, இந்த மருந்து எடுக்கிறா, அந்த நாட்டில் இதற்கு இந்த வசதி உண்டு" என்று ஆதாரத்தோடு பேசினால் பயம் பாதியாகக் குறையும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள், அசலையும் கொண்டு போங்கள். கிளினிக் வைத்தியரிடம் நோயின் பெயர், தொடங்கிய காலம், மருந்துகளின் பெயரும் அளவும் அடங்கிய ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் கேளுங்கள். மருந்தின் கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப் பெயர் மாறாது. மூலப் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது மார்க்கப்படி போதுமாக இருக்கலாம். ஆனால் வீசாவுக்கும், துணை என்ற வகையில் காப்புறுதியில் சேர்வதற்கும் பதிவுச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள்.

வெறும் நாட்களுக்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். காத்திருப்பு உள்ள இடத்துக்குப் போகிறவர் பயணக் காப்புறுதி எடுக்கலாம். ஆனால் அவை அநேகமாக முன்பே இருந்த நோயை விலக்கும், அல்லது கடந்த 90 நாளோ 180 நாளோ மருந்தும் நிலைமையும் மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்கும். ஒப்பமிடும் முன் அந்த வரியை வாசியுங்கள். அந்த நாட்டு விதி அனுமதிக்கும் அளவுக்கு மருந்தைக் கையோடு கொண்டு போங்கள். மருந்துப் பொதியை கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம்.

போய் இறங்கிய முதல் கிழமையிலேயே உங்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்யுங்கள். காப்புறுதி அட்டையும் குடும்ப வைத்தியரின் விபரமும் கணவனிடம் மட்டும் இருக்கக்கூடாது, உங்கள் கையிலும் இருக்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் அரச வைத்தியசாலைகள் அதை இலவசமாக ஏற்பாடு செய்கின்றன. வைத்தியரிடம் சொல்ல வேண்டியதை மச்சானோ மாமியாரோ மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கட்டணங்களும் எல்லைத் தொகைகளும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் கிழமையில் அந்தந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் செலவழித்தால் போதும்.